கரையை வெட்டிய சாசிப்

தெற்கு இராக்கின் நாணல் சதுப்பில் பிறந்தவன் சாசிப். அவன் சிறுவனாக இருந்தபோது, அரசாங்கம் பெரிய கரைகளை எழுப்பி ஆற்றைத் திருப்பிவிட்டது. சதுப்பு வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. அந்த ஆட்சி கவிழ்ந்த கோடையில், மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டிவிட்டவர்களில் அவனும் ஒருவன். தண்ணீர் வந்தது. நாணல் முளைத்தது. நகரத்தில் செங்கல் சுமந்துகொண்டிருந்த அக்கா வப்ரியாவை அவனே போய் அழைத்துவந்தான்.

இருபது வருடம் கழித்து, சதுப்பை மீட்கும் குழுவொன்றில் தண்ணீரின் உப்பை அளக்கும் வேலை பார்த்தான். ஆற்றின் மேல்பகுதியில் அணைகள் பெருகி ஆறு மெலிந்து, சதுப்பில் உப்பு ஏறிவிட்டது. ஆகஸ்டில் அக்காவின் நாணல் வீட்டருகே கருவியை முக்கினான்.

"என்னடா சொல்லுது உன் பொட்டி?"

"எருமை குடிக்கக் கூடாதுங்குது அக்கா. ரெண்டு செத்தாச்சு, நஜ்மா எருமைக்குக் கண்ணே போச்சு. மிச்சத்தையாவது ஓட்டிக்கிட்டு ஆத்துப் பக்கம் போயிடு."

"தண்ணி வந்துடுச்சு, வான்னு கூப்பிட்டவன் நீதானேடா? இப்போ போன்னு சொல்ல வாய் கூசல?"

சாசிப் குழுவிடம் கெஞ்சி நாலு நாள் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அதற்குமேல் அவர்களிடமும் இல்லை.

ஐந்தாம் நாள் லாரி வந்தது. கண் தெரியாத நஜ்மா லாரியில் ஏற்றும் பலகையில் கால் வைக்கவே மறுத்தது. வப்ரியா முன்னால் ஏறி நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சாசிப் பின்னாலிருந்து தள்ளினான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

அவன் கருவியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அளக்கப் போனான். அங்கே இன்னும் ஆட்கள் இருந்தார்கள்.