சிவக்கொழுந்து அண்ணனின் பத்தொன்பது பாட்டு

செய்தி போனில்தான் வந்தது. காலையில் பால் வாங்கி வந்து மேடைமேல் வைக்கிறேன், பஜனை குரூப்பில் ஒரு படம் வந்து நின்றது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். 'காலமானார்' என்பதைக் கூட்டி முடிப்பதற்குள் படத்தில் இருப்பது யார் என்று தெரிந்துவிட்டது. கோயில் ஆண்டு விழாவில் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்திலிருந்து சிவக்கொழுந்து அண்ணனை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு முழங்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அது என்னுடையது. பாலை அடுப்பில் வைக்காமல் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பிளாக் பிள்ளையார் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மைன்ஸில் கரி ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டவர். ஷிப்ட் முடிந்து வந்து குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஆர்மோனியத்தை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். பாட்டு எழுதியதும் அவர்தான், மெட்டு போட்டதும் அவர்தான். மற்ற பிளாக்குகளில் சினிமா மெட்டில் சாமிப் பாட்டு பாடுவார்கள். நாங்கள் பாடமாட்டோம். அதில் எங்களுக்கு ஒரு கர்வம் இருந்தது. மெட்டெல்லாம் எப்படிண்ணே வருது என்று யாராவது கேட்டால், "தானா வருது. நான் வழிய விட்டுட்டு ஓரமா நிக்கிறேன், அவ்வளவுதான்" என்பார். நாங்கள் நம்பினோம்.

அஞ்சலி என்றால் நல்லதை மட்டும் எழுதவேண்டும் என்று, நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தருகிற என் மருமகள் சொன்னாள். நான் அப்படி எழுதப்போவதில்லை. அவரே அப்படி எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்தப் பேச்சு பிறகு வரும்.

என் இரண்டாவது மகளுக்கு எட்டு வயதில் டைபாய்டு வந்தது. பிழைப்பாளா என்று இருந்து பிழைத்தாள். அந்த மாதம் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பாட்டு வந்தது. 'மூணு ஷிப்டும் போறவங்க முகம் பார்த்து நிக்கிறியே, முச்சந்திப் பிள்ளையாரே' என்று ஆரம்பிக்கும். மெட்டு, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரில் கேட்டு என் மனசில் தங்கிய ஒரு சினிமாப் பாட்டினுடையது. நான் ஒளிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கூச்சத்தோடு எழுந்து பாடினேன். இரண்டு வரி போயிருக்கும். பின்வரிசையில் ஒருவர் சிரித்து, அந்தப் படத்தின் பேரைச் சொன்னார். அண்ணன் ஆர்மோனியத்திலிருந்து கையைத் தூக்கினார்.

"சினிமா மெட்டு கோயிலுக்குள்ள வேணாம் பச்சையம்மா. சாமிக்குன்னா மெட்டு தானா வரணும்."

அன்று நான் மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தேன். என் இடது பக்கம் டீச்சரம்மா, வலது பக்கம் தூணில் சாய்ந்து என் மகள். அவள் என் முந்தானையைப் பிடித்து, "உக்காரும்மா" என்றாள். உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கோயிலில் நான் வாயைத் திறந்து ஒரு வரி பாடியதில்லை. கை மட்டும் தட்டுவேன். போகாமல் இருந்தால் நான் தோற்றதாகிவிடும் என்பதால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. அவருடைய மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பொண்ணு மாப்பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, இலையில் உட்காராமல் திரும்பினேன். பந்தியில் அவர் என்னைத் தேடினாராம். தேடட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

ஆனால் இதையும் எழுதியாக வேண்டும். என் வீட்டுக்காரர் கிட்னி கெட்டுப் படுத்த கடைசி ஏழு மாதம், அண்ணன் தன் வார ஓய்வு நாளில் எல்லாம் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். ஆர்மோனியம் கொண்டுவரமாட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அம்மன் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடுவார். அது என் வீட்டுக்காரருக்கு உயிரான பாட்டு. நான் காப்பியைக் கொண்டுபோய் வைப்பேன், பேசமாட்டேன். அவரும் "நல்லா இருக்கும்மா" என்று காப்பியைச் சொல்வாரே தவிர வேறு பேசமாட்டார். என் வீட்டுக்காரர் போன அன்றும் அந்தப் பாட்டின் பாதியில்தான் போனார். அண்ணன் நிறுத்தாமல் மீதிப் பாதியையும் பாடி முடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்காவது நான் பேசியிருக்கலாம். பேசவில்லை.

போன மாசி மாதம் என் பேத்தி யாழினி லீவுக்கு வந்திருந்தாள். டைபாய்டில் பிழைத்தவளுடைய மகள்தான். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அந்த அம்மன் பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். வீட்டில் முனகுவேன். அவள் போனை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டி, "ஆயா, இன்னொரு தடவை" என்றாள். போனுக்கு முனகிக் காட்டினால் அது எந்தப் பாட்டு என்று சொல்லுமாம். இது சிவக்கொழுந்து அண்ணன் போட்ட மெட்டு, அதுக்கு எப்படித் தெரியும் என்று நான் சிரித்தேன். போன் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பாடியது. அதே ஏற்றம், அதே இறக்கம், அண்ணன் மூச்சு வாங்கும் அதே இடம். படத்தில் ஒருத்தி தோட்டத்தில் மரத்தைச் சுற்றி ஓடுகிறாள். தொப்பி வைத்த ஒருத்தன் துரத்துகிறான். பாஷை இந்தி.

"ஒரிஜினல் இதுதான் ஆயா. உங்க அண்ணன் பாடினது கவர் வெர்ஷன்."

கவர் வெர்ஷன் என்றால் என்ன என்று கேட்டேன். ஒருத்தர் பாடினதை எடுத்து இன்னொருத்தர் தன் மாதிரி பாடுறது என்றாள். அடுத்த பாட்டை முனகச் சொன்னாள். அதற்கும் ஒரு படம் வந்தது. அடுத்ததற்கும் வந்தது. நான்காவதில் நானே போதும் என்று சொல்லிவிட்டேன். மடியில் கீரை வாடிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் காதில் கடைசியாக விழுந்தது, தொப்பிக்காரன் துரத்தின பாட்டா? முப்பத்தெட்டு வருஷம் என் வாயை அடைத்தது இந்த மனுஷனா?

மறுநாள் காலையிலேயே யாழினியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அண்ணன் ரிட்டயர் ஆனபின் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். நெஞ்சில் சளி கட்டி, ஆறு மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்தார். அண்ணி தண்ணீர் கொண்டுவரப் போனார். நான் நலம் விசாரிக்கவில்லை. போனை அவர் மடியில் வைத்துப் பாடவிடச் சொன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் நாற்காலிக் கட்டையில் ஆர்மோனியம் அழுத்தின. பாட்டு முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தன. இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுப்பினார்களாம். ஒரு வருஷம். பாஷை தெரியாது, பேச ஆள் கிடையாது. டீக்கடை ரேடியோதான் துணை. அழுகிற பாட்டா, சிரிக்கிற பாட்டா என்றுகூடத் தெரியாமல் மெட்டை மட்டும் மனசில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினாராம். இங்கே முதல் பாட்டைப் பாடியபோது யாரோ, நீங்களே போட்ட மெட்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்னதைப் பிறகு மாற்ற முடியவில்லை.

"அப்போ எம்பாட்டை எதுக்குண்ணே நிறுத்தினீங்க?" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

"பயம்மா. ஒன் மெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தன் சிரிச்சான் பாரு, அவன் அடுத்து என் மெட்டைக் கேப்பான். ஒன்ன நிறுத்திட்டா என்னைக் கேக்கமாட்டான்னு நெனைச்சேன். கேக்கலை."

யாழினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் மூச்சு வாங்கிவிட்டு, "நல்ல பாட்டு அது. மூணு ஷிப்டும் போறவங்கன்னு வரும். அந்த மாதிரி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. இப்ப ஒரு தடவை பாடேன்" என்றார்.

"மறந்துபோச்சுண்ணே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீயா?" என்றார். சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தடவினார். இருமல் அடங்கியதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நான் போனப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிடு. உசுரோட இருக்கும்போது எனக்கு வாய் வரலை. வேற யார் சொன்னாலும் பூசி மெழுகிடுவாங்க. நீ மாட்டே."

பதினொரு நாள் கழித்துத்தான் போனில் அந்தப் படம் வந்தது. அந்தப் பதினொரு நாளில் எந்த நாளும் நான் ஆட்டோ பிடித்துப் போய்ப் பாடியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்தவளுக்குப் பதினொரு நாள் பெரிதாகத் தெரியவில்லை. ஐஸ் பெட்டியைச் சுற்றி நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து அவர் பாட்டுகளைப் பாடினீர்கள். நான் கை தட்டினேன். நடுவில் என் பாட்டு தொண்டை வரைக்கும் வந்தது. கண்ணாடிக்குள் படுத்திருக்கிறவருக்குப் பாடி என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிவிட்டேன்.

அவர் சொன்னபடி இதோ சொல்லிவிட்டேன். பூசி மெழுகவில்லை.

ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணியிடம் அவருடைய பாட்டு நோட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். கோயில் வாசலில் விற்கிற பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே இன்ன மெட்டு என்று அச்சடித்திருக்கும். அண்ணன் நோட்டில் அந்த வரியே கிடையாது. அதை எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். அப்போது எனக்கு இருந்தது கோபம்தான், மறைக்கவில்லை. மொத்தம் பத்தொன்பது பாட்டு. நான் முனக, யாழினி போனில் பிடித்து, படத்தின் பேரைத் தமிழில் எழுதித் தருவாள். நான் அதைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். என் கையெழுத்து கோணல், ஒரு நாளைக்கு மூன்று பாட்டுக்குமேல் ஆகாது. பதினெட்டுக்கும் படம் கிடைத்தது. கடைசிப் பக்கத்துப் பாட்டுக்குக் கிடைக்கவில்லை. விதவிதமாக முனகிப் பார்த்தோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் வடக்கத்திப் பெண் பழைய இந்திப் பாட்டெல்லாம் அறிந்தவள். அவளும் கேட்டதில்லை என்று தலையை ஆட்டினாள்.

அண்ணியிடம் போய்க் கேட்டேன். "அதா? அதை வூட்ல முனகிக்கினே இருப்பாரு. மத்த பாட்டெல்லாம் தானா வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு இல்ல, இது எங்கேருந்துன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுவாரு. அவருக்கு வெக்கமாப் போயிடும்" என்றார்.

எந்தப் பாட்டு என்று சொன்னால் உங்களுக்கே தெரியும். ஏறவும் ஏறாமல், இறங்கவும் இறங்காமல், ஒரே இடத்தில் நின்றுகொண்டிருக்குமே, 'விளக்கேத்தும் வேளையிலே' என்று ஆரம்பிக்குமே, அது. அவர் அதை எப்போதும் கடைசியில்தான் எடுப்பார். அவர் எடுத்தவுடனே நாம் சுண்டலுக்கு எழுந்துவிடுவோம். பாதிப் பேர் வாசலில் இருப்போம், அவர் தனியாகப் பாடி முடித்து ஆர்மோனியத்தை மூடுவார். மற்ற பதினெட்டையும் நாம் கண்ணை மூடிக் கேட்டோம்.

என் வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், என் வாயை அடைத்த மனிதர், இருவரையும் நான் வைத்துக்கொள்கிறேன். ஒருவருக்காக இன்னொருவரை விட முடியாது. அந்த நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பாட்டுக்கு மேலே, 'மெட்டு: சிவக்கொழுந்து' என்று நேற்று எழுதினேன். அடுத்த வெற்றுப் பக்கத்தில் என் பாட்டையும், அது எந்தப் படத்து மெட்டு என்பதையும் எழுதியிருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை முதலில் என் பாட்டைப் பாடுவேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அதன்பிறகு அவருடைய பாட்டை எடுப்பேன். அது முடிகிறவரைக்கும் சுண்டலுக்கு யாரும் எழுந்திருக்கக் கூடாது.