மின்னஞ்சலில் காணாமற்போன புடவை வியாபாரி

சமாதான காலத்தில், போரில் மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்திருந்த நாட்களில், நான் கிளிநொச்சியில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் வேலை செய்தேன். கணினி தெரியாதவர்களுக்கு வந்த மின்னஞ்சலை வாசித்துச் சொல்வதும், அவர்கள் சொல்லச் சொல்லப் பதில் அடிப்பதும் என் வேலை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரூற்றைச் சேர்ந்த புடவை வியாபாரி. புத்தளத்தில் பல வருடம் அகதியாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய முஸ்லிம் மனிதர். அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல நானும் அவரை நானா என்பேன். வவுனியாவில் சரக்கெடுத்து, தன் வான் வண்டியில் கிளிநொச்சிப் பக்கமும் கொண்டு வருவார். அப்படி வரும்போது கத்தாரில் இருந்த மகனின் மின்னஞ்சலைக் கேட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கண்டி வீதியில், கனகராயன்குளத்தில் எடுத்த, வாகனங்களைக் கை காட்டி மறிக்கும் பேயாம். படமெடுத்த பஸ் சாரதி மறுகிழமையே செத்துப்போனாராம். தெரிந்த எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமாம். எங்கள் இணைப்பில் படம் மேலிருந்து வரிவரியாகத்தான் இறங்கும். வானம் வந்தது, கிளை வந்தது, கூந்தல் வந்தது, வெள்ளைச் சேலையும் வந்தது. பாதம் வருவதற்குள் ஜெனரேட்டர் நின்றுவிட்டது.

“நான் கிழமைக்குக் கிழமை அந்த வழியாலதான் வாறன் தங்கச்சி. எனக்கு ஒருத்தியும் கை காட்டேல்ல” என்றார் நானா.

ஆனால் மனம் கேட்கவில்லை. வழியிலிருந்த தேநீர்க் கடைகளில் எல்லாம் விசாரித்தார். செத்த சாரதியை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கடையில் அவர் வவுனியா ஆள், மாரடைப்பு. அடுத்த கடையில் சாவகச்சேரி ஆள், காய்ச்சல். செத்த வீட்டுக்குப் போனவர்கள்தான் ஒருவரும் இல்லை. கனகராயன்குளத்தில் ஒரு பாலை மரத்தடியில் யாரோ கற்பூரம் கொளுத்தியிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு தேநீர்க் கொட்டில். அதை நடத்தியவர் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண்.

“நீங்க கண்டனீங்களோ?” என்று நானா கேட்டாராம்.

“நான் எங்கங்க பாத்தேன்? பாக்க வர்றவங்களத்தான் பாக்குறேன்.”

அடுத்த முறை படத்தை முழுதாக இறக்கிப் பார்த்தோம். அந்த மரம் பாலையே இல்லை. பின்னால் தெரிந்த வீதியின் நடுவே மஞ்சள் கோடு. எங்கள் பக்கம் அப்போது கோடு போடுவதற்கு வீதியே ஒழுங்காக இல்லை.

“போடுங்கோ தங்கச்சி. நான் நேர போய்ப் பாத்தனான், அப்பிடி மரமுமில்லை மனுசியுமில்லை எண்டு எல்லாருக்கும் போடுங்கோ.”

அந்த மின்னஞ்சலில் இருந்த அத்தனை முகவரிகளுக்கும் அனுப்பினேன். கனடாவிலிருந்து ஒருவர், “உண்மையைச் சொல்லப் பயப்படுகிறீர்கள், விளங்குகிறது” என்று ஆறுதல் எழுதினார். நோர்வேயிலிருந்து இன்னொருவர், “உங்களை மறுக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார்.

சில மாதங்களில் அதே படம் திரும்ப வந்தது. கீழே புதிதாக ஒரு வரி: ‘இதைப் பொய்யென்று காட்டப் போன முல்லைத்தீவுப் புடவை வியாபாரி திரும்பி வரவில்லை. அவருடைய வான் மட்டும் காட்டோரம் நின்றது.’

நான் வாசித்தபோது நானா பக்கத்துக் கதிரையில் பாலில்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இதில இருக்கிறது ஆர் தங்கச்சி?”

அந்த வரி கத்தாருக்கும் போயிருந்தது; கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து எங்கள் நிலையத்துக்கு அழைப்பு வந்தது. வாப்பாதான் கதைக்கிறார் என்பதை மகன் நம்பவில்லை. சின்ன வயதில் அவன் எந்த மரத்திலிருந்து விழுந்தான், எந்தக் கை முறிந்தது என்றெல்லாம் சொல்லித்தான் நானா தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

“உயிரோட இருக்கிறன் எண்டு எல்லாருக்கும் போடுவமோ நானா?”

“வேண்டாம். செத்த ஆள் கடிதம் எழுதினதெண்டு அதையும் அனுப்புவாங்கள்.”

எங்கள் பக்கத்தில் உண்மையாகவே காணாமற்போனவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களின் தாய்மாரும் என்னிடம் வந்து மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவற்றை ஒருவரும் சுற்றுக்கு விடவில்லை.

நானா அதன்பிறகு பொழுதுபட முன்னரே கனகராயன்குளத்தைத் தாண்டிவிடுவார். பயமோ என்று கேட்டேன்.

“சீச்சீ. வானுக்கு லைற் கொஞ்சம் மங்கல், அதுதான்.”