காம்பரா என்று எழுதாத பிளான்

1. வெயிலுக்குக் காத்திருக்கும் உத்தியோகம்

வீட்டுக்குப் பிளான் போடும் வேலைக்கு வரப்போகிற தம்பிமார்களுக்காக இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். எழுத்தில் பிழை இருக்கும், கோட்டில் இருக்காது. வேலை பார்த்த டவுனின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் டவுன் சபைக்காரர்கள் அதற்கும் ஒரு கட்டணம் போடுவார்கள். இலங்கை மலையகத்தில், அட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிற வழியில் இருக்கிறது என்பதோடு விடுகிறேன்.

கடை பிரான்சிஸ் மாஸ்டருடையது. அவர் பென்சிலில் பிளான் போடுவார். நான் அதன்மேல் டிரேசிங் துணியை விரித்து, கறுப்பு மையில் கோடு இழுத்து, ஒவ்வொரு அறைக்கும் பேர் எழுதுவேன். பிறகு அந்தத் துணியை மருந்துத் தாளோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலச வேண்டும். அதுதான் புளூ பிரிண்ட். அது இல்லாமல் சபையில் பிளானைத் தொடமாட்டார்கள். எங்கள் பக்கம் மை கிடைக்கும், துணி கிடைக்கும், மழைக்காலத்தில் வெயில்தான் கிடைக்காது.

முதல் நாளே மாஸ்டர் சட்டத்தை என் கையில் கொடுத்தார்.

"டேய், வாசல்ல போயி நில்லு. வெயில் வந்தா காட்டு."

சாயங்காலம் வரை மூடுபனியில் நின்றேன்.

"சூரியன் வந்தாரா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"லீவு போட்டுட்டாரு மாஸ்டர்."

அன்றே என் வேலை போயிருக்கும். நல்லவேளை, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

2. நாலு அறை

கருப்பையா மாமாவை டவுனில் எல்லோருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். ஒரு மாடு வைத்திருந்தார். தினமும் தேத்தண்ணிக் கடைக்குப் பால் கொண்டு வருவார். வயசாகிவிட்டது என்று தோட்டத்தில் அவர் பேரையும் அவர் மனைவி மாரியாயி பேரையும் செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் வெட்டிவிட்டார்கள். மகள் கல்யாணமாகி அக்கரப்பத்தனைக்குப் போய்விட்டாள். வேலை செய்ய ஆள் இல்லாத குடும்பத்துக்கு, தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இடம் இல்லை. தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு ஒரே ஒரு தைரியம் இருந்தது. முன்பு ஒரு பசுவை விற்று, டவுன் ரோட்டுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வாங்கிப் போட்டிருந்தார்.

"நாலு அறை போடுங்க மாஸ்டர். ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு சமையலுக்கு, ஒண்ணு மக வந்தா தங்க, ஒண்ணு சாமிக்கு."

"சாமிக்குத் தனி அறையா மாமா? அவரு பேரையும் செக்ரோல்ல வெட்டிட்டாங்களா?" என்றேன்.

"ஒன்னைய மாதிரி வாயி இருந்தா வெட்டியிருப்பாங்க."

மாஸ்டர் அளவு குறித்து முடித்ததும் மாமா என் மேசைப் பக்கம் வந்தார்.

"தம்பி, ஒரு காரியம். இதுல எங்கயும் காம்பரான்னு எழுதிராத."

லயத்தில் ஒரு குடும்பம் மொத்தமும் இருக்கும் ஒற்றை அறைக்குத்தான் காம்பரா என்று பேர். எங்கள் ஆட்கள் வேறு எந்த அறையைப் பார்த்தாலும் வாயில் அதுதான் வரும். எனக்கும் அப்படித்தான்.

"பொறந்தது காம்பரா, குடும்பம் நடத்துனது காம்பரா, புள்ள பெத்தது காம்பரா. இதுக்காவது வேற பேரு இருக்கட்டும்" என்றார்.

"அப்ப பங்களான்னு போடவா?"

"போடு. சின்ன எழுத்தா போடு. தொர பாத்தா சங்கடப்படுவாரு."

நாலு அறைக்கும் நல்ல கையெழுத்தில் பேர் எழுதினேன். 'சாமி அறை' என்பதற்குக் கீழே ஒரு சின்னக் கோலம்கூட இழுத்தேன். மாஸ்டர் திட்டிக்கொண்டே அதை விட்டுவிட்டார்.

3. நேற்று வெயில் இல்லை

துணி தயார். வெயில் இல்லை. மாமா பால் வாளியோடு தினமும் வந்து வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். கடைசியில் ஒரு காலை பனி விலகியது. அச்செடுத்து, ஈரம் காய்வதற்குள் இரண்டு பேரும் சபைக்கு ஓடினோம்.

கட்டணம் வாங்கும் சிங்கள உத்தியோகத்தர், எங்களுக்கு மாத்தயா, தாளைப் புரட்டினார்.

"நேத்திலேருந்து புது ரேட். சதுர அடிக்குக் கூடியிருக்கு."

"நேத்து வெயில் இல்ல மாத்தயா" என்றேன்.

"வெயில் நம்ம டிப்பார்ட்மெண்ட் இல்ல. மொனவா கரன்னத, மேல இருந்து வந்தது."

மொனவா கரன்னத என்றால், என்ன செய்வது என்று அர்த்தம். அந்த ஆபீசில் அதிகம் செலவானது அந்த வார்த்தைதான்.

எங்களுக்குப் பின்னால் ஜவுளிக்கடை முதலாளி நின்றார். கடைகள் கட்டி வாடகைக்கு விடுகிறவர். புது ரேட்டைக் கேட்டு அவரும் முகத்தைச் சுளித்தார். ஆனால் பையை எடுத்தார்.

"ஏத்துங்க மாத்தயா, ஏத்துங்க. நான் வாடகையில போட்டுக்கிறேன்."

மாமாவிடம் இருந்தது பழைய ரேட்டுக்கு, கன்றுக்குட்டி விற்ற பணம். புது ரேட்டுக்கு மாட்டையும் விற்க வேண்டும். மாட்டை விற்றால் எதை வைத்துப் பிழைப்பது? கடைக்குத் திரும்பினோம்.

"சாமி அறைய எடுத்துருங்க மாஸ்டர். அவரு எங்கயும் இருந்துக்குவாரு."

டிரேசிங் துணியில் மையை ரப்பரால் அழிக்க முடியாது. பிளேடால் சுரண்ட வேண்டும். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோலமும் போனது.

மறுபடி அச்செடுக்க வெயில் வேண்டும். மறுபடி மழை. வெயில் வந்தபோது ரோட்டோர நிலத்துக்கு என்று இன்னொரு கட்டணம் சேர்ந்திருந்தது. இந்தத் தடவை மகளுடைய அறை.

"மக வந்தா எங்க படுக்கும் மாமா?"

"வராம இருக்கறதுக்கு அவளுக்கு ஒரு சாக்கு கெடச்சிருச்சு" என்றார். பிறகு என் கையைப் பார்த்தபடியே, "நானும் கவ்வாத்து வெட்டுனவன்தான் தம்பி. நான் வெட்டுனா செடி தழைக்கும். நீ வெட்டுறது தழைக்காது" என்றார்.

பிளேடைத் துடைத்துவிட்டு மறுபடி சுரண்டினேன்.

அந்தப் பிளானுக்கும் பணம் போதவில்லை. மூன்றாம் தடவை சமையலறை போனது. மிச்சம் ஓர் அறை, மூலையில் அடுப்பு, முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. சுரண்டி முடித்துத் துணியைத் தூக்கிப் பிடித்தேன். மாஸ்டர் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்தார். கடைசியாக மாமா பார்த்தார்.

"என்னடா இது, நம்ம காம்பராவுல்ல?"

நான் அதில் 'அறை' என்று எழுதினேன்.

4. சட்டம் விடாது

இந்தத் தடவை கட்டணம் கட்டியாயிற்று. ரசீதும் வந்தது. ஒரு வாரம் கழித்து மாத்தயா கூப்பிட்டு, அடிக்கோலை அறையின்மேல் வைத்துக் காட்டினார்.

"ஆள் படுக்கிற அறைக்கு இது காணாது. சட்டம் விடாது."

"லயத்துல இதே அளவுலதான் ஒரு குடும்பமே படுக்குது மாத்தயா."

"அது தோட்டம். தோட்டம் நம்ம எல்லை இல்ல."

"கட்டுன காசு?"

"அது பிளான் பாக்கிற காசு. பாத்தாச்சே."

அவர் கெட்ட மனிதர் இல்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெரிசாகக் கட்டினால் கட்டணம் கட்ட முடியாது. கட்டணம் கட்ட முடிகிற அளவில் கட்டினால் சட்டம் விடாது. மாமா பால் வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். படியிறங்கிப் போனார்.

தீபாவளிக்கு முன்பே நிலத்தை ஜவுளிக்கடை முதலாளி வாங்கிவிட்டார். பிளானுக்கு எங்களிடம்தான் வந்தார். முன்னால் கடைகள், பின்னால் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள்.

"ஆள் படுக்க இது காணாதே மொதலாளி" என்றார் மாஸ்டர்.

"படுக்குறதுன்னு யாரு சொன்னா? ஸ்டோர்னு போடுங்க."

ஸ்டோருக்கு அளவுச் சட்டம் கிடையாது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொன்றிலும் ஸ்டோர் என்று எழுதினேன். அச்செடுத்த அன்று வெயிலில் கண் கூசியது.

5. என்ன பேர்

கட்டி முடியும் வரை மாமாவும் மாரியாயி அத்தையும் கோயில் மடத்தில் இருந்தார்கள். கட்டி முடிந்ததும் கடைசி ஸ்டோருக்கு வாடகைக்கு வந்தார்கள். அவர்கள் விற்ற அதே நிலத்தில்தான். நிலம் விற்ற காசு பழைய கடனுக்கே சரியாகிவிட்டது, முன்பணத்துக்கு மாடு போயிருந்தது.

பார்க்கப் போனேன். மாமா ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் இல்லாததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

"தம்பி, பிளான்ல இதுக்கு என்னா பேரு?"

"ஸ்டோரு மாமா."

அவர் உள்ளே திரும்பினார். "கேட்டியா மாரியாயி? காம்பரா இல்லயாம்."

அத்தை சிரிக்கவில்லை. சாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆணி அடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

தம்பிமார்களே, ஸ்கேல் பிடிப்பதை மாஸ்டர் சொல்லித் தருவார். அவர் சொல்லித் தராதது ஒன்று. கட்டணம் கட்டி, பிளான் பாஸாகும் வரை அறைக்குப் பேர் எழுதாதீர்கள். கோட்டை மட்டும் இழுத்து வையுங்கள். கோட்டைச் சுரண்டினால் கைதான் வலிக்கும். பேரைச் சுரண்டும்போது, அந்தப் பேரைச் சொன்னவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.