அத்தை குளித்த தண்ணீர்

குளித்தவர் தண்ணீர் குளித்தவர் மரத்துக்கு. எங்கள் வீட்டில் கோடைக்காலத்துக்கென்று அப்பா போட்டிருந்த சட்டம் இது. கோயமுத்தூரில் வெயிலே கிடையாது என்று வெளியூர்க்காரர்களிடம் வருஷம் முழுக்கப் பீற்றிக்கொள்வோம். சித்திரை மாதத்தில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம். பங்குனி பிறந்ததுமே குழாய்த் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வர ஆரம்பித்துவிடும். வருகிற அன்றைக்கு அம்மா அண்டா, குண்டா, டிரம், பால் காய்ச்சுகிற சட்டி வரைக்கும் நிரப்பி வைப்பாள். வராத நாட்களில் ஆளுக்கு ஒரு வாளி. அந்த ஒரு வாளியில் நாமும் குளிக்க வேண்டும், நம் மரமும் குடிக்க வேண்டும்.

வீடு ஒண்டிப்புதூர் தாண்டி, மில் வேலைக்காரர்கள் கட்டிக் குடியேறிய ஒரு தெருவில் இருந்தது. பின்பக்கம் குளியலறைச் சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியாக வெளியே வரும் தண்ணீர் ஒரு மண் வாய்க்காலில் விழும். வாய்க்காலிலிருந்து மரத்துக்கொன்றாகக் கிளைகள் பிரியும். குளிக்கப் போகிறவர் முதலில் மண்வெட்டியை எடுத்து மற்ற கிளைகளை மண் போட்டு அடைத்து, தன் மரத்துக்குப் போகிற மடையைத் திறந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அப்பாவுக்குத் தென்னை. அம்மாவுக்குக் கறிவேப்பிலை. அண்ணனுக்கு எலுமிச்சை. எனக்குக் கொய்யா. செடிக்கு ஆகாது என்று கோடை முடியும்வரை சோப்புக்குத் தடை. கடலை மாவு தேய்த்துக் குளித்துவிட்டு, நாங்கள் எல்லோரும் பஜ்ஜி வாசனையோடு திரிந்தோம். மில்லிலிருந்து பஞ்சும் எண்ணெயுமாக வரும் அப்பாவுக்கு மட்டும் சோப்பு உண்டு. தென்னை எதையும் தாங்கும் என்பது அவர் கட்சி. அண்ணன் குளித்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் போய் மடையை என் பக்கம் திருப்பிவிடுவது என் கட்சி.

நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த லீவு அது. கேபிள் டிவி எங்கள் தெருவுக்கு வந்த புதிது. ஒரு மத்தியான நேரத்தில், கையில் ஒயர் கூடையோடு அத்தை வந்து வாசலில் நின்றாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. காங்கேயம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. வலது மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றியிருந்தாள்.

"என்னாச்சு அம்மணி?" என்றார் அப்பா.

"கிணத்தடில வழுக்கி உழுந்துபோட்டனுங்ணா."

அத்தை லீவுக்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். நாங்கள் லீவுக்கு மாமா வீட்டுக்குப் போவதில்லையா, அதுபோல. பெரியவர்களுக்கு லீவு யார் விடுகிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, காங்கேயத்தில் விடுவார்களாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அத்தைக்கு மரம் இல்லை. அவள் குளிக்கிற தண்ணீர் யாருக்கு? சாயங்காலமே நான் இந்தக் கேள்வியைக் கிளப்பினேன். அம்மா நிமிர்ந்து பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாள்: "ஒறம்பரை வந்தா அவுங்க தண்ணி வேலியோரத்து அரளிக்கு. எப்பவும் அப்படித்தானே?"

உறவுக்காரர்கள் வந்தால் அப்படித்தான் என்பது உண்மை. ஆனால் அந்தச் செவ்வரளி தண்ணீரே காட்டாவிட்டாலும் பூத்துத் தொலைக்கும். என் கொய்யாவோ முதன்முதலாகப் பிஞ்சு பிடித்திருந்தது. அடியில் தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பியும், காலையில் எழுந்து போனால் நாலைந்து பிஞ்சு வெம்பிக் கீழே கிடக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கும்போது அழுகை முட்டும். அம்மாவுக்கு அத்தையைப் பிடிக்கவில்லை, அதனால்தான் அத்தை தண்ணீரைப் போயும் போயும் அரளிக்கு ஒதுக்குகிறாள் என்று முடிவுகட்டினேன்.

அத்தையால் ஒரு கையால் மண்வெட்டி பிடிக்க முடியாது. அந்த வேலை என்னிடம் வந்தது. மறுநாள் அத்தை குளிக்கப் போனதும், அரளி மடையை அடைத்துவிட்டுக் கொய்யா மடையைத் திறந்தேன். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வெளியே வந்த அத்தை வாய்க்காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன்ற மரமா கண்ணு?"

"ஆமாங்கத்தை. அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க."

அத்தை சொல்லவில்லை. என் கொய்யாவுக்கு அன்றிலிருந்து இரண்டு ஆள் தண்ணீர். பிஞ்சு உதிர்வது நின்றது. எனக்கு அத்தைமேல் பிறந்த பாசத்தில் பாதி கொய்யா கொடுத்தது என்றால் பொய்யில்லை.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அப்பா காங்கேயத்துச் சங்கதி சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து மில்லுக்கு வருகிற ஒருவர் சொன்னாராம். கிணறெல்லாம் அடியோடு வற்றிவிட்டதாம். தீனியும் தண்ணியும் இல்லாமல் மாடுகளைப் பொள்ளாச்சிச் சந்தைக்கு ஓட்டுகிறார்களாம்.

"உங்க கிணறுமா அத்தை?" என்றேன்.

"மாசி மாசமே வத்திப்போச்சு கண்ணு."

"அப்பறம் தண்ணியே இல்லாத கிணத்தடில எப்படிங்கத்தை வழுக்கும்?"

நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எங்கள் குளியலறையில் ஈரமாக இருக்கும்போதுதான் வழுக்கும். காய்ந்த கல்லில் வழுக்கி விழ ஏதாவது வித்தை இருந்தால் எனக்கும் தெரிந்திருப்பது நல்லதுதானே. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அத்தை தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். "சோத்தப் பாத்துத் தின்னு" என்றார் அப்பா. அவர் என்னிடம் அப்படிப் பேசுகிறவரே இல்லை. என்ன தப்பாகக் கேட்டேன் என்று தெரியாமல் ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு வீட்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரியங்கள் நடந்தன. சொம்புக்கணக்கில் தண்ணீர் அளக்கிற அம்மா, அத்தையின் வாளியை மட்டும் விளிம்பு தட்ட நிரப்பினாள். நிரப்பிக்கொண்டே, "இப்படியே போனா குடிக்கறதுக்குத் தண்ணி இருக்காது" என்று முணுமுணுக்கவும் செய்தாள். அத்தை, "நா பாதி வாளில குளிச்சுக்கறனுங் நங்கையா" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா அதற்கும் கோபித்துக்கொண்டாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்தால் தென்னை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டும்" என்று ஒருநாள் அம்மாவிடம் அவர் சொல்வது காதில் விழுந்தது. அம்மா பாத்திரங்களை உருட்டினாள். தண்ணீர்ப் பஞ்சத்தால்தான் அத்தையை அனுப்பப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் குளிக்காமல் இருந்துகொள்கிறேன், அத்தை இருக்கட்டும் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். என் ஒரு வாளியை நான் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததற்கு அம்மா பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "போயி வெளையாடு" என்றாள்.

கத்திரி வெயில் உச்சத்திலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அத்தையின் வீட்டுக்காரர். கூடவே துண்டு போட்ட ஒரு பெரியவர், மாமாவுக்குப் பெரியப்பா முறை. மாமா எப்போதும் சிரித்த முகம். எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், வீட்டுக்கு ஒரு டின் தேங்காய் எண்ணெய். "படிப்பெல்லாம் எப்படி கண்ணு?" என்று கன்னத்தைத் தட்டினார். இவ்வளவு நல்ல மாமா வந்திருக்கும்போது அத்தை ஏன் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

முன்னறையில் பேச்சு தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது. பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டே பேசினார். "புருசன் பொண்டாட்டின்னா கல்லுங் கல்லுமா ஒரசத்தான் செய்யும். அதுக்காகப் பொறந்த ஊட்டுல எத்தன நாளைக்குங்க வெச்சுருப்பீங்க? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்ல? உங்குளுக்கும் ஒரு பொண்ணு இருக்குது."

அந்தப் பொண்ணு நான்தான். இதில் எனக்கென்ன வேலை என்று புரியாமல் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அதுக்கென்னுங்க... கூட்டிட்டுப் போங்க" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

எட்டிப் பார்த்தேன். சமையல்கட்டுக் கதவோரம் அத்தை ஒயர் கூடையோடு தயாராக நின்றிருந்தாள். அம்மாவைத் தேடினேன். அம்மாவைக் காணவில்லை.

அப்போதுதான் பின்பக்கமிருந்து சத்தம் கேட்டது. கடப்பாரை மண்ணில் இறங்குகிற சத்தம். முன்னறையில் பேச்சு நின்றது. மறுபடியும் அந்தச் சத்தம். அப்பா எழுந்து போனார், பின்னாலேயே எல்லோரும் போனோம்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். காய்ந்த செம்மண் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பக்கத்தில் ஒரு தகர டின்னில் மாதுளைக் கன்று. அந்தக் கன்றை எனக்குத் தெரியும். நட்டுவிடலாம் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஆடி மாதம் சாரல் விழுந்த பிறகுதான், வெயிலில் வைத்தால் ஒரு நாள் தாங்காது என்று விரட்டியவள் இதே அம்மாதான்.

"என்ன பண்ற?" என்றார் அப்பா.

"குழி வெட்றனுங்க."

"கத்திரி வெயில்ல எவனாச்சும் மரம் வெப்பானா?"

அம்மா நிமிர்ந்தாள். முகமெல்லாம் வியர்வை வழிந்தது. அப்பாவை மட்டும் பார்த்துத்தான் பேசினாள், மற்ற இருவரும் அங்கே இல்லாத மாதிரி. "இந்த ஊட்டுல இருக்கறவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மரம் இருக்குதுங்க. அம்மணிக்கு மட்டும் இல்லாமப் போச்சு. அதான் வெக்கறேன். ஏனுங்க, வந்தவிய மோரு குடிச்சாங்களா? கலக்கி வெச்சுருக்கேன், குடிக்கச் சொல்லுங்க. வெயில்ல பஸ் ஏறோணுமில்ல."

மாமாவின் சிரிப்பு அப்போதும் முகத்தில் இருந்தது, ஆனால் எடுத்து வைக்க மறந்துபோனதுபோல் இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் அந்தக் குழியையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய், அம்மாவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினார். "இன்னும் ஆழம் வேணும்" என்றார். வந்தவர்கள் பக்கம் திரும்பாமல் வெட்டிக்கொண்டே இருந்தார். பெரியவர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வா போலாம்" என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். மோர் அப்படியே இருந்தது.

நான் அழ ஆரம்பித்தேன். அத்தை கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். "அத்தமேல புள்ளைக்கு எவ்வளவு பாசம் பாரு" என்றாள் அம்மா. நான் திருத்தவில்லை. அத்தைக்கென்று மரம் வந்துவிட்டால் அத்தை தண்ணீர் இனி கொய்யாவுக்கு வராதே என்றுதான் அழுதேன். ஆனால் அத்தை எதற்கு அழுதாள்? அவள் போகவில்லை, அவளுக்கு மரமும் கிடைத்திருக்கிறது. ஒருவேளை கன்று பட்டுப்போய்விடும் என்ற பயமாக இருக்கலாம்.

"அழுவாதீங்கத்தை. இது பட்டுப்போச்சுன்னா நீங்க கொய்யாவுக்கே வந்தர்லாம்" என்று தேற்றினேன். அழுதுகொண்டிருந்த அத்தை அதைக் கேட்டுச் சிரித்தாள்.

அப்பா தன் தென்னையிலிருந்து ஒரு கீற்றை வெட்டி வந்து கன்றுக்கு நிழல் கட்டினார். சாயங்காலம் அத்தை குளிக்கப் போகுமுன் தானே இடது கையால் மண்ணைத் தள்ளிப் புது மடையைத் திறந்தாள். தண்ணீர் என் கொய்யாவைத் தாண்டிப் போய் அந்தக் குழியில் இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் போய், "அத்தைக்கு லீவு எப்பம்மா முடியும்?" என்று கேட்டேன்.

"மாதுளை காய்க்கட்டும் கண்ணு, பாக்கலாம்."

உடனே அண்ணனிடம் ஓடினேன். மாதுளை காய்க்க மூன்று வருஷமாவது ஆகும் என்றான் அவன். அவ்வளவு நீளமான லீவை நான் கேள்விப்பட்டதே இல்லை. வெயிலில் குழி வெட்டியதில் அம்மாவுக்குப் புத்தி ஏதோ கலங்கிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, அவள் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு போனேன். அம்மா அதை வாங்கி ஒரு வாய் குடித்தாள். மீதியைக் கொண்டுபோய் மாதுளைக்கு ஊற்றினாள்.