எனக்கு ரிலீவர் வந்த கதை

என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் வேலை. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் மெஷினை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ரிலீவர் வரவில்லை என்று அவர் பசியோடு தாமதமாக வந்த நாட்கள் எத்தனையோ. ரிட்டையர் ஆகும் நேரம் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூருக்குக் குடிபோவதென்று முடிவானதும், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: “எனக்கு ரிலீவர் வந்துடுவான். உனக்கு?”

சுருக்கென்றது. புதன்கிழமை சாயங்காலம் எங்கள் ஹாலில் நடக்கும் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நான்தான் நடத்திவந்தேன். எங்கள் டவுன்ஷிப் சபையில் ஒரு வழக்கம். யாருடைய குவார்ட்டர்ஸில் கூட்டமோ அவரே தலைவி. அந்தக் குடும்பம் ரிட்டையர் ஆனால், பீரோவோடு கூட்டமும் லாரியில் ஏறிப் போய்விடும். பக்கத்து பிளாக்கில் அப்படித்தான் நின்றுபோனது. என்னுடையதும் அப்படிப் போனால் என்னால் தாங்க முடியாது.

ஆள் தேடினேன். பெரிய ஹால், நல்ல குரல், பெர்மனென்ட் வேலைக்காரக் குடும்பம் என்று பெண் பார்க்கும் மாமியார் மாதிரி அலசினேன். ஒருத்திக்குப் பிள்ளையின் பரீட்சை, இன்னொருத்திக்கு முதுகுவலி. ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

வாராவாரம் கடைசியாக வந்து வாசலோரம் உட்காருகிறவள் ஒருத்தி இருந்தாள். கணவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. டவுன்ஷிப்புக்கு வெளியே ஒற்றை அறை வீடு, தையல் வேலை. கூட்டம் முடிந்ததும் இன்றைக்கு யார் வரவில்லை என்றுதான் முதலில் கேட்பாள். போகிற வழியில் அவர்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அவளுக்குத்தான் குவார்ட்டர்ஸ் இல்லையே! அதனால் என் கணக்கிலேயே அவள் வரவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தேன்.

நீண்ட நாளாக வராமலிருந்த கால்வலிக்கார அம்மா ஒருவர், ஒரு புதன்கிழமை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இவள் விடாமல் வந்து கூப்பிட்டாளாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளை முதலில் வேதம் வாசிக்கச் சொன்னேன். பிறகு ஜெபம். கடைசியாக, செய்தி கொடுக்கச் சொன்னபோது முடியவே முடியாது என்றாள். நான் விடவில்லை. நடக்க முடியாத ஒருவனை, நண்பர்கள் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்கிய பகுதி. நாங்களெல்லாம் அந்த நண்பர்களின் விசுவாசத்தைப் பேசுவோம். அவளோ அந்த வீட்டின் சொந்தக்காரரைப் பற்றிப் பேசினாள்.

“தலைக்கு மேல கூரய பிரிச்சிகினு இருக்காங்க. அந்த வூட்டுக்காரரு எழுந்து போங்கன்னு சொன்னதா இல்லீங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள். “எங்க வூட்ல எடம் கம்மிதான். நீங்க போனப்புறம் அங்க வச்சிக்கலாமாக்கா?”

இடம் தருவாயா என்று நான் கேட்கவேயில்லை. கண் கலங்கிவிட்டது.

இப்போது புதன்கிழமைகளில் வடலூரிலிருந்து பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போகிறேன். தையல் மெஷினை வாசலுக்குத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருப்பாள். முதல் வாரம், பழக்கதோஷத்தில், எல்லார் முகமும் தெரிகிற மாதிரி சுவரோரம் நடுநாயகமாக உட்கார்ந்து, பாட்டை எடுக்கவும் வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் தோளில் கை வைத்தாள்.

“அக்கா, செத்த நகந்துக்குங்க. அம்மாவுக்குச் சாஞ்சிக்க செவுரு வேணும்.”

நகர்ந்தேன். கால்வலிக்கார அம்மா அங்கே சாய்ந்துகொண்டார். பாட்டை அவளே எடுத்தாள். சுருதி கொஞ்சம் இறக்கம்தான். நானும் இறங்கியே பாடினேன். மனசு நிறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும், ஷிப்ட் முடித்து வந்தவளைப் போல எனக்கு நல்ல பசி.