பச்சைத் தூளை நான் மருந்தென்று நினைக்கவில்லை

என் மகள் கவிதாவுக்குப் பத்து வயது, உடம்பு கொஞ்சம் பருமன். என் கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதால், இவளுக்கும் வந்துவிடுமோ என்று எனக்கு எப்போதும் பயம். ஹாலிஎல சந்தையில் ஒருவர், "பிள்ளைக்குச் சீனி வராமத் தடுக்கும், வெறும் இலைதாங்க" என்று ஒரு பச்சைத் தூளைத் தந்தார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் அதைக் கரைத்துக் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டையும் குறைத்தேன்.

ஐந்தாம் நாள் பாடசாலைக்குக் கிளம்பும்போது அவளுக்குக் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. தோட்டத்து லய வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தேத்தண்ணியும், கடித்துக் குடிக்கக் கையில் சீனியும் கொண்டு வந்தார். சீனி வருத்தம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, "ஐயோ, சீனி வேணாம்க்கா!" என்று தட்டிவிட்டேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தத்தைச் சோதித்த டாக்டர், சீனி மிகவும் குறைந்துவிட்டது என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மருந்து ஏதும் குடுத்தீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

குளுக்கோஸ் ஏறித் தெளிந்த மகள்தான், "அம்மா, அந்தப் பச்சத் தூளு?" என்றாள்.

அதில் என்ன இருந்தது என்று டாக்டருக்கும் தெரியவில்லை. பொட்டலத்தில் ஒரு பெயரும் இல்லை. தூளா, அரைவயிறா, எது காரணம் என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். இப்போது இலையோ வேரோ, கிளினிக்கில் கேட்காமல் கொடுப்பதில்லை. மருந்து கொடுத்தீர்களா என்று அங்கே கேட்டால், பதில் சொல்லுமுன் ஒருமுறை மகளின் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.