செலவில்லாத பிரசவம்

இன்று காலை, புசல்லாவையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்கதானே போன வருசம் எங்க லயத்துக்கு வந்து, புள்ள பெத்த செலவக் கேட்டு எழுதிட்டுப் போனீங்க?"

நான்தான். பிரசவத்துக்கும் குழந்தைக்கும், தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், வாழும் குடும்பங்கள் கையிலிருந்து எவ்வளவு செலவழிக்கின்றன என்பதே என் ஆய்வு.

"நான் ஒண்ணும் செலவாகலன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இலவச மருத்துவம் மலையுச்சி வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து, அந்தப் பதிலைக் கூட்டங்களில் உதாரணமாகவே சொல்லி வந்திருக்கிறேன்.

"வலி எடுத்தப்போ தோட்டத்து லொறி வரல மிஸ். ஆஸ்பத்திரிக்கே போகல. வீட்லயே பொறந்துச்சு. அழவே இல்ல. அதான் செலவில்ல."

"அன்னைக்கே ஏன் சொல்லல தங்கச்சி?"

"நீங்க கேக்கலயே மிஸ். செலவ மட்டுந்தானே கேட்டீங்க."

குரலில் கோபமே இல்லை. கம்பளையில் இறங்கும்போது, "போயிட்டு வர்றேன் மிஸ்" என்று சிரிக்கவும் செய்தார்.

அலுவலகம் வந்ததும் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். செலவில்லை என்று சொன்ன வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு வாசலும், கொடுத்த தேநீரும் நினைவிருக்கிறது. எந்தெந்த வீட்டில் தொட்டில் கட்டியிருந்தது என்பது மட்டும் நினைவில்லை.

கேள்வித்தாள் தயாரிக்கும் நண்பர்களே, நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். "குழந்தை எங்கே?" என்பதை எத்தனையாவது கேள்வியாக வைப்பீர்கள்?